பர்மனென்ட் ஆனது என் கை

ரூபிக்கும் ஜான்சனுக்கும்,

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நீங்கள் இரண்டு பேரும் வாலாஜாபாத்தில் உங்கள் மாமா வீட்டில் இருந்தீர்கள். குழந்தைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். விட்டாலும் அழைத்து வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதனால் நடந்தது எதுவும் உங்களுக்கு நேராகத் தெரியாது. மாமா சொன்னது கொஞ்சம், தெருவில் கேட்டது கொஞ்சம், மிச்சத்தை நீங்களே சேர்த்துக்கொண்டீர்கள். போன வாரம் ரூபி தன் டீச்சரிடம் என் வேலையைப் பற்றிச் சொன்னாள் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நான் எட்டாவது வரை படித்தவன். இப்போது இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியில் கதவுக்குப் போடுகிற கீல் செய்வார்கள். இரும்புத் தகட்டை மிஷினுக்கு அடியில் வைத்து, காலால் மிதித்தால், மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். பவர் பிரஸ் என்பது அதுதான். வைக்கிறது, மிதிக்கிறது, எடுக்கிறது. நாள் முழுக்க இவ்வளவுதான் வேலை. இந்த வருஷம் பொங்கல் முடிந்து திரும்பப் போன வாரம், மிதியிலிருந்து நான் காலை எடுத்த பிறகும் அச்சு இன்னொரு தரம் தானாக இறங்கியது. வெட்டிய துண்டை எடுக்கப் போன என் வலது கை அதற்கு அடியில் இருந்தது. வலி உடனே வரவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது. அது என் கையிலிருந்து வந்த சத்தம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பேச்சிமுத்துதான் ஓடி வந்து மிஷினை நிறுத்தினான். அவனை உங்களுக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், ஜான்சனைத் தோளில் வைத்துக்கொண்டு ஓரகடம் கூட்ரோடு வரைக்கும் நடப்பவன். தன் சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றினான்.

"எண்ணே, கையப் பாக்காதிய. என் மூஞ்சியப் பாருங்க. என் மூஞ்சிய மட்டும் பாருங்க."

கம்பெனி வேன் மெட்ராஸ் போய்ச் சேருகிற வரை அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அழுகிறான் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அடிபட்டது எனக்கு அல்லவா என்று தோன்றியது.

சேர்த்தது தொழிலாளர் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற காசுக்கு ஒரு கார்டு கொடுத்திருப்பார்கள். அதைக் காட்டினால் வைத்தியத்துக்குப் பணம் வேண்டாம். இது உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. மறுநாள் காலை, ஓரகடத்தில் முதல் பஸ் ஏறி, படப்பை வழியாகத் தாம்பரம் வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து வந்து சேர்ந்தவள், என் பக்கத்தில்கூட வரவில்லை. நேராக சிஸ்டரிடம் போனாள்.

"எவ்ளோ ஆவும் சிஸ்டர்? எவ்ளோ கேப்பாங்க? தாலிய வெக்கிறதுன்னா இப்பவே வெச்சிட்டு வந்துர்றேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார். முனுசாமி அண்ணன் என்று பெயர். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை செய்தவர். இடது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நாலும் போய்விட்டது.

"இன்னாம்மா, கார்டு கீதுல்ல? அப்பாலே இன்னா பயம்? தாலிய உள்ள போடு. இங்க ஆளத்தான் அறுப்பானுங்க, காசு கேக்க மாட்டானுங்க."

அப்போதுதான் அம்மா என் கட்டிலுக்கு வந்தாள். துணி சுற்றிய கையைப் பார்த்தாள். என் தலையை வாரிவிட்டாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்பதை ஒரு சின்ன வயது டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். உள்ளங்கையில் விரல்களைத் தாங்குகிற எலும்புகள் நொறுங்கிவிட்டன. நரம்பு அறுந்துவிட்டது என்று நாம் சொல்கிறோமே, அதில் இரண்டு உண்டாம். ஒன்று சூடு, குளிர், வலி எல்லாம் தெரிய வைப்பது. இன்னொன்று கயிறு மாதிரி விரலை இழுத்து மடக்குவது. அதற்குத் தசைநார் என்று பெயர். எனக்கு இரண்டும் அறுந்திருந்தன. நாலு விரலையும் எடுத்துவிட்டால் சீக்கிரம் ஆறிவிடும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த டாக்டரம்மாதான் காப்பாற்றிப் பார்ப்போம் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறார். அவருக்கு நான் எப்போதும் நன்றி சொல்வேன். அதற்குப் பிறகு என்ன நடந்திருந்தாலும் சொல்வேன்.

அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். விரலுக்குள் மெல்லிய கம்பி செருகி எலும்பைச் சேர்த்தார்கள். கை என்னுடையதாகத் தெரியவில்லை. யாரோ பக்கத்தில் மரவேலை செய்கிற மாதிரி இருந்தது. சில நாள் கழித்துப் புண்ணில் சீழ் வைத்தது. காலையில் கட்டுப் பிரிக்கிற வண்டியின் சக்கரம் கிறீச்சிடும்போதே வார்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். ஒட்டிக்கொண்ட பஞ்சைப் பிய்க்கும்போது முனுசாமி அண்ணன் சத்தமாக யாரையாவது திட்டுவார். கம்பெனிக்காரன், கவுன்சிலர், தன் மச்சான், யார் அகப்பட்டாலும். நான் பைபிளில் இருக்கிற சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொள்வேன். எந்த வரியில் விட்டேன் என்பது மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அப்புறம் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். கையை விடத் தொடைதான் அதிகம் எரிந்தது. ஒன்றைச் சரி செய்ய இன்னொன்றைப் புண்ணாக்க வேண்டியிருக்கிறதே என்று அழுகை வந்தது.

அம்மா தினமும் வர முடியாது. வருகிற நாளில் ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்து ஊட்டுவாள். எனக்கு வெட்கமாக இருக்கும். "ஜான்சனுக்கு ஊட்டறப்ப நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க, அப்ப வெக்கமா இருந்திச்சா?" என்று கேட்பாள். விரலுக்குப் பயிற்சி கொடுக்க ரப்பர் பந்து வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை மாமா வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுதடவை வரும்போது ஜான்சனின் சிவப்புப் பந்து வந்தது. யாரும் கேட்கவில்லை, அவனே எடுத்துக் கொடுத்தான் என்று அம்மா சொன்னாள். அந்தப் பந்தை வலது கையில் வைத்தால் அது உருண்டு கீழே போய்விடும். முனுசாமி அண்ணன் கட்டிலுக்கு அடியில் குனிந்து எடுத்துக் கொடுப்பார். வலிக்காமல் தோற்கிற விளையாட்டு என்று அதற்குப் பெயர் வைத்தார்.

அவர் ஒருநாள் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்.

"நம்ம கணக்கு சுலுவு நைனா. எனக்கு விரல் இல்ல, ரேட்டு கீது. உனுக்கு விரல் கீது, ரேட்டு இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்: வேலையில் அடிபட்டு உறுப்பு போனால், எந்த உறுப்புக்கு நூற்றுக்கு எவ்வளவு நஷ்டம் என்று சட்டத்திலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நாலு விரல் போனால் ஐம்பது. அந்தக் கணக்குப்படி ஆயுசு முழுக்க மாதாமாதம் உதவிப் பணம் வரும். உறுப்பு போகாமல் கெட்டுப்போனால் அச்சடித்த கணக்கு கிடையாது. டாக்டர்கள் கூடி உட்கார்ந்து பார்த்து ஒரு நம்பர் போடுவார்கள். அதற்கு மெடிக்கல் போர்டு என்று பெயர். அவர் கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

இனிமேல்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கம்பெனியில் இரண்டு சாதி ஆட்கள் உண்டு. டெம்பரவரி, பர்மனென்ட். டெம்பரவரி என்றால் கான்ட்ராக்டர் கொண்டுவந்து விட்ட ஆள். நாளைக்கு வராதே என்றால் அதோடு சரி. பர்மனென்ட் என்றால் பேர் பதிவாகிவிட்டது, போனஸ் உண்டு, யாரும் லேசில் நிறுத்த முடியாது. பெண் கொடுக்க வருகிறவர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் பர்மனென்டா என்றுதான் கேட்பார்கள். நானும் பேச்சிமுத்துவும் டெம்பரவரி. அடுத்த தீபாவளிக்குள் ஆக்கிவிடுவார்கள், அடுத்த பொங்கலுக்குள் ஆக்கிவிடுவார்கள் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தோம். உங்கள் அம்மா அதற்காக சபையில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்காத மாதம் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை, பேச்சிமுத்து கம்பெனியில் டைம் ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறான். உள்ளே கிளார்க் யாருடனோ போனில் பேசுவது காதில் விழுந்திருக்கிறது. "சாமுவேல் கேஸா? பர்மனென்ட்னு எழுதிட்டாங்களாம்." அவ்வளவுதான். மீதியைக் கேட்க அவன் நிற்கவில்லை. ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்திருக்கிறான். தெருமுனையிலிருந்தே கத்தினானாம்.

"மதினி! அண்ணனுக்குப் பர்மனென்ட் எழுதிட்டாவளாம்! என் காதால கேட்டேன் மதினி!"

அடிபட்டதற்கு ஈடாகக் கம்பெனி மனமிரங்கிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். அவனும் டெம்பரவரிதான். தனக்கு இல்லாத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது என்று சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்து சொன்னவன் அவன். அவன் மேல் நீங்கள் ஒருநாளும் கோபப்படக் கூடாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்லுகிற நேரத்தில் உங்கள் அம்மா எழுந்து நின்றாள். அத்தனை பேர் முன்னால் ஒருநாளும் வாய் திறந்தவள் இல்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "என் வூட்டுக்காரரு கைய கர்த்தர் வாங்கிக்கினாரு. அதுக்குப் பதிலா பர்மனென்ட் குடுத்துட்டாரு" என்று சொன்னாள். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. போதகர் ஐயா என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். ஆராதனைக்கு வந்திருந்த மாமா அன்றைக்கே வாலாஜாபாத் போய் உங்களிடம் சொன்னார். நீங்கள் தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்தீர்கள்.

திங்கட்கிழமை அம்மா கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். வார்டு முழுக்கக் கொடுத்தாள். கேட்டதும் நான் நம்பினேன். எனக்கும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் தெரியாது. கையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் படுத்தபடி, இந்தக் கையோடு என்ன வேலை தருவார்கள், கேட்டில் வாட்ச்மேனாக நிற்கலாம், ஸ்டோரில் உட்காரலாம் என்று யோசித்தேன். முனுசாமி அண்ணன் மட்டும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "யாரு நைனா சொன்னது? கம்பெனியா, டாக்டரா?" என்று கேட்டார். பொறாமை என்று நினைத்தேன்.

டாக்டரம்மா வந்ததும் இடது கையால் கும்பிடு போட்டேன். "நீங்க கைய காப்பாத்துனதுனாலதான் மேடம் எனக்குப் பர்மனென்ட் ஆச்சு" என்றேன்.

அவர் முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் நம் கட்டிலில் உட்கார மாட்டார்கள்.

"சாமுவேல், நான் எழுதினது உங்க வேலையைப் பத்தி இல்ல. உங்க கையைப் பத்தி."

கை ஆறிக்கொண்டிருக்கிற வரைக்கும் அதை டெம்பரவரி ஊனம் என்பார்களாம். அதுவரை கூலியில் ஒரு பங்கு வரும். இதற்கு மேல் ஆறாது என்று தெரிந்த பிறகு அதைப் பர்மனென்ட் ஊனம் என்று எழுதி போர்டுக்கு அனுப்ப வேண்டும். தோல் ஒட்டிவிட்டது, எலும்பு கூடிவிட்டது, தசைநார் மட்டும் கூடவில்லை. விரல் இனி மடங்காது. அதைத்தான் அவர் எழுதியிருந்தார்.

கம்பெனியில் இரண்டு சொல் இருந்ததே, அதே இரண்டு சொல்லை ஆஸ்பத்திரியிலும் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

அடுத்த தடவை அம்மா வந்தபோது சொன்னேன். ஊட்டிக்கொண்டிருந்தவள் சோற்றை உருட்டியபடியே நின்றுவிட்டாள்.

"சாட்சி சொல்லிட்டனே" என்றாள். "கர்த்தரு பேரைச் சொல்லி சொல்லிட்டனே."

பாத்திரத்தை மூடினாள். "புள்ளிங்களுக்கு இப்ப சொல்லாதீங்க. சந்தோஷமா கீதுங்க. போர்டுல நல்ல நம்பரா போடட்டும், அப்பால சொல்லிக்கலாம்."

அன்றிலிருந்து எங்களுக்கு இருந்தது அந்த நம்பர் ஒன்றுதான். நூற்றுக்கு ஐம்பது போட்டால் அரிசிக்கும் வாடகைக்கும் ஆகும், உங்கள் படிப்பு நிற்காது. அதற்குக் கீழே போனால் என்ன செய்வது என்பதை நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சூடான மெழுகில் கையை முக்கி விரலை நீட்டி மடக்கப் போய்வந்தேன். மே மாதக் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு நம் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். பஸ் ஓடவில்லை, ரோடு முழுக்கப் போலீஸ். அப்போது விட்டுப்போனதால் விரல்கள் இன்னும் இறுகிவிட்டன. விட்டிருக்காவிட்டாலும் இறுகியிருக்கும் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ.

போர்டு நாளில் அம்மா சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். முனுசாமி அண்ணனையும் அன்றைக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் முதலில் போனார், உடனே வந்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் டாக்டர்கள் இருந்தார்கள். கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். ஒருவர் புரட்டிப் பார்த்தார். தையல் நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"விரல் அஞ்சும் இருக்கு, இல்லையா?"

"இருக்கு சார்" என்றேன்.

அது உண்மைதானே. மடங்காது சார், பந்து பிடிக்காது சார், சோறு பிசைய வராது சார் என்றெல்லாம் வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். மடக்கச் சொன்னார்கள். கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது. எழுதிக்கொண்டார்கள். பெரியவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். வெளியே வந்தபோது நான் சொல்ல வைத்திருந்தது எல்லாம் அப்படியே வாயில் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இல்லாததை எண்ணலாம். இருந்தும் உதவாததை எப்படி எண்ணுவது?

முனுசாமி அண்ணனுக்கு ஐம்பது வந்தது. எனக்குப் பதினைந்து. தபால் வந்த சேதி கேட்டு அவரே நம் ஊருக்கு வந்து கூட்ரோட்டில் டீ வாங்கிக் கொடுத்தார். "அந்த டாக்டரம்மா நல்லது செஞ்சிடுச்சு நைனா, இன்னா பண்றது" என்றார். கேலி செய்யாமல் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கம்பெனிக்குப் போனேன். டைம் ஆபீஸ் கிளார்க் தபாலை வாங்கிப் பார்த்தார்.

"பதினஞ்சுதான போட்டிருக்கான்? அப்ப பாக்கி எண்பத்தஞ்சு நல்லாருக்குதுல்ல? போ, மிஷின்ல நில்லு."

நின்றேன். தகட்டை இடது கையால் வைத்து, இடது கையால் எடுத்தேன். அச்சு இறங்கும்போதெல்லாம் ஓரடி பின்னால் நகர்ந்தேன். பேச்சிமுத்து தன் மிஷினை விட்டுவிட்டு நடுநடுவே வந்து என் தகட்டை அடுக்கிக் கொடுத்தான். வாரம் முடிவதற்குள் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உன்னால லைன் நிக்குது சாமுவேலு. கான்ட்ராக்டருகிட்ட சொல்லிட்டேன். இந்தக் கைய வெச்சுக்கினு உன்னால முடியாதுப்பா."

போர்டுக்கு என் கையில் கெட்டது கொஞ்சம்தான். கம்பெனிக்கு முழுக்கக் கெட்டுவிட்டது. இரண்டு இடத்திலும் பார்த்தது இதே கையைத்தான்.

மேலே முறையிடலாம் என்று சொன்னார்கள். மனு கொடுத்திருக்கிறேன். கொடுக்க வேண்டும் என்று கொடுத்தேன். அங்கேயும் கையை நீட்டச் சொல்வார்கள், அங்கேயும் விரல் ஐந்து இருக்கும். நல்லது நடக்கும் என்று உங்களிடம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆக, ரூபி, நீ டீச்சரிடம் சொன்னது பொய் இல்லை. அப்பா பர்மனென்ட், கை ஆறுகிற வரைக்கும் லீவில் இருக்கிறார் என்று நாங்கள் உனக்குச் சொன்னதைத்தான் நீ சொன்னாய். ஆனால் அப்பா லீவில் இல்லை. எனக்குக் கம்பெனி இல்லை. மாதம் வருகிற உதவிப் பணம் அரிசிக்கே இழுபறி. சபையில் இன்னும் சிலர் தங்கள் பையனுக்கு ஒரு வேலை சொல்லும்படி என்னிடம் வருகிறார்கள். நான் பார்க்கலாம் என்கிறேன். அம்மா இன்னும் சபையில் திருத்திச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் முடியட்டும் என்கிறாள். அவளை நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம். உங்களை யாராவது கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள்.

லீவு முடிகிற வரைக்கும் என்று சொல்லித்தான் அம்மா ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். இனி அவள்தான் போவாள். விடியற்காலை வேன் வரும். மிஷின் இல்லை, பசை தடவுகிற வேலைதான் என்றாள். பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில், தோல் வெட்டுகிற பக்கம் ஆள் குறைவாக இருக்கிறது, அங்கே மாற்றினாலும் மாற்றுவார்கள் என்றாள்.

சாயங்காலம் வேன் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன். அது அவளுக்கும் தெரிந்துபோயிற்று. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துப் புரட்டிக் காட்டுகிறாள். நீங்கள் இரண்டு பேரும் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து, அவள் பக்கத்தில் வரிசையாக நின்று உங்கள் கைகளையும் விரித்துக் காட்டுகிறீர்கள்.

உங்கள் கைகளையும் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே வருகிறேன்.